மூன்று இதழ் குறியுள்ள ஈயப் பெட்டி: வெட்டலாமா?

மூன்று இதழ் போன்ற மஞ்சள் குறி (கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறி) உள்ள ஈயப் பெட்டி கிடைத்திருக்கிறது, வெட்டி விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெட்டாதீர்கள், விற்கவும் வேண்டாம். ஈயத்துக்குக் கிலோ விலையும் கேட்டிருக்கிறீர்கள்; அந்த மஞ்சள் குறி இருந்தால் உள்ளே கதிரியக்கப் பொருள் இருக்கலாம். வெல்டிங்கைச் சோதிக்கும் காமா கதிர்க் கருவியின் உறையாகவோ மருத்துவமனைக் கழிவாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

2010இல் டெல்லியின் பழைய இரும்புச் சந்தையான மாயாபுரியில் இதுதான் நடந்தது. பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியைப் பிரித்தார்கள், உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். ஒருவர் ஒரு துண்டைப் பர்ஸிலேயே வைத்திருந்தார். ஒரு தொழிலாளி இறந்தே போனார்.

இப்போது செய்ய வேண்டியது:

1. எல்லோரையும் தள்ளி நிறுத்துங்கள். பெட்டியை நகர்த்த வேண்டாம்.
2. தூரத்திலிருந்து போனில் ஜூம் செய்து லேபிளைப் படம் எடுங்கள். தனிமத்தின் பெயர், வரிசை எண் தெரிகிறதா பாருங்கள்.
3. அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள். மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் தெரிவியுங்கள்.

பெட்டி காலியாகவும் இருக்கலாம். ஆனால் கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. கருவி வைத்து அளந்தால்தான் உறுதி.

அப்புறம் சட்டம்: உரிமம் இல்லாமல் கதிரியக்கப் பொருளை வைத்திருப்பதே குற்றம். அதனால் இன்றே சொல்லிவிடுங்கள்.

பெட்டியைத் தொட்டவருக்கு வாந்தியோ தோல் சிவப்போ இருந்தால், மருத்துவரிடம் பெட்டி விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.