ஒரே மாத்திரைக்கு ஏன் இத்தனை விலை?

வாசகர் கேள்வி–பதில்: மருந்து விலை

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றுக்கும் மாதம் 2,400 ரூபாய்க்கு மாத்திரை வாங்குகிறோம். முதல்வர் மருந்தகத்தில் இதே மருந்துகள் பல மடங்கு மலிவு என்கிறார்கள். நடுவில் உள்ள பணம் யாருக்குப் போகிறது? கம்பெனிக்கா, கடைக்கா, டாக்டருக்கா? (வாசகி, விருதுநகர்)

விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத ஒரு பிராண்டு மருந்து. அட்டையில் எம்.ஆர்.பி. 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி. கழித்தால் 95.24. கடைக்காரரின் வழக்கமான மார்ஜின் 20 சதவீதம்; ஆக அவர் ஸ்டாக்கிஸ்டிடம் (மொத்த வியாபாரியிடம்) வாங்குவது 76.19-க்கு. ஸ்டாக்கிஸ்டுக்கு 10 சதவீதம் போக, கம்பெனிக்குச் சேர்வது 68.57. பிராண்டு மருந்தில் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

கம்பெனிக்குப் போகும் 68 ரூபாயில், காப்புரிமை முடிந்த பழைய மருந்துகளைப் பொறுத்தவரை, மாத்திரையைச் செய்து அட்டையில் அடைக்கும் செலவு சிறு பகுதிதான். பல கம்பெனிகள் சொந்தமாகச் செய்வதுகூட இல்லை. இமாசலத்தின் பத்தி நகரம் போன்ற இடங்களில் ஒப்பந்த ஆலைகளில் செய்து வாங்கி, தங்கள் பெயரை ஒட்டுகின்றன. மீதி, டாக்டர்களைப் பார்க்க ஊர் ஊராகச் சுற்றும் ரெப்களுக்கும் (விற்பனைப் பிரதிநிதிகளுக்கும்), சாம்பிளுக்கும், டாக்டர் மாநாடுகளுக்கும், லாபத்துக்கும்.

இத்தனை கம்பெனிகள் ஒரே மருந்தை விற்றும் விலை ஏன் இறங்குவதில்லை? தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர் என்பதால்தான். விலையை இருபது ரூபாய் குறைத்தால் கூடுதலாக ஒரு சீட்டுகூட எழுதப்படாது. ரெப்பை மாதம் இரண்டு முறை அதிகம் அனுப்பினால் எழுதப்படும். டாக்டர்களுக்குத் தரும் இலவசங்களை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பரிசு, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு நடத்தை விதித் தொகுப்பையும் கொண்டுவந்தது. புகாரை விசாரிக்கும் குழுவை மட்டும் மருந்துக் கம்பெனிகளின் சங்கங்களிடமே விட்டுவிட்டது!

கடைக்காரர் முழுக்க உத்தமர் என்றும் சொல்ல முடியாது. 'டிரேட் ஜெனரிக்' என்று ஒரு ரகம் உண்டு. இதற்கு ரெப் கிடையாது. கம்பெனி நேரே கடைக்குத் தள்ளிவிடுகிறது. அட்டையில் 100 ரூபாய் என்று இருக்கும், கடைக்கு விழும் அடக்கம் அதில் பாதிக்கும் கீழே, சிலவற்றில் கால் பங்குக்கும் கீழே. இங்கே தேர்ந்தெடுப்பவர் கடைக்காரர், அதனால் மார்ஜினும் அவருக்கு. பெரிய தள்ளுபடிப் பலகைகள் பலவற்றின் ரகசியம் இதுதான்.

ஆக, என் கணக்கில் முதல் பொறுப்பு கம்பெனிக்கு. அடுத்தது, விருப்பப்பட்ட எண்ணை எம்.ஆர்.பி.யாக அச்சிட விடும் அரசு விதிக்கு. டாக்டரும் கடையும் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: விலைக் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்கிறது? (வாசகர், திருச்சி)

இருக்கிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு, குறிப்பிட்ட வீரியத்துக்கும் வடிவத்துக்கும், என்.பி.பி.ஏ. எனப்படும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதிக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட பட்டியலில் 384 மருந்துகள்.

கோளாறு வரம்பைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது. 1995-இன் ஆணைப்படி உற்பத்திச் செலவைப் பார்த்து விலை வைத்தார்கள். 2013-இன் ஆணை அதை மாற்றிவிட்டது. இப்போது, சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகள் கடைக்கு விற்கும் விலைகளின் சராசரியோடு 16 சதவீதம் சேர்ப்பார்கள். நான்கு பிராண்டுகள் 20, 30, 60, 90 என்று விற்றால் சராசரி 50, வரம்பு 58, ஜி.எஸ்.டி. சேர்த்தால் 60.90. இருபது ரூபாய்க்கு விற்றாலும் ஒருவருக்குக் கட்டுப்படியாகிறது என்ற தகவல் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. ஏற்கெனவே ஏற்றி வைத்தவரின் விலையும் சராசரிக்குள் வந்து வரம்பைத் தூக்கிவிடுகிறது.

பட்டியலில் உள்ள மருந்துக்கு ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டெண் ஏறிய அளவுக்கு விலையை ஏற்றிக்கொள்ளலாம். 2023-இல் அது 12 சதவீதத்தைத் தாண்டியது. 2024-இல் கிட்டத்தட்ட பூஜ்யம். பட்டியலில் இல்லாததற்குத் தொடக்க விலையில் கட்டுப்பாடே இல்லை. பிறகு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம். அப்படி ஏற்றிக்கொண்டே போனால் 100 ரூபாய் மருந்து ஏழு ஆண்டுகளில் 195 ரூபாய்.

கேள்வி: டாக்டர் எழுதிய பிராண்டுக்குப் பதிலாக அதே மருந்தை மலிவாகத் தரும்படி கேட்டால் கடைக்காரர் மறுக்கிறார். அது சரியா? (வாசகர், சேலம்)

சட்டப்படி சரி. சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டிய மருந்துகளில், எழுதியதற்குப் பதில் வேறொன்றை, உள்ளிருக்கும் மருந்து ஒன்றே ஆனாலும், கடைக்காரர் தாமாக மாற்றித் தரக் கூடாது என்கிறது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65(11ஏ). டாக்டர்கள் மூலப்பெயரில்தான் (பிராண்டு பெயரில் அல்ல, உள்ளிருக்கும் மருந்தின் பெயரில்) எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-இல் விதி போட்டது. அதே மாதம் 23-ஆம் தேதி நிறுத்தி வைத்தது. எனவே மாற்றம் டாக்டரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது அட்டைகளைக் கையோடு கொண்டுபோய், "மூலப்பெயரில் எழுதித் தாருங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து, ஒரே மருந்து உள்ள மாத்திரைகளில் பிராண்டு பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் மூலப்பெயர் இருக்க வேண்டும். அதோடு மூன்றைச் சரிபாருங்கள்.

முதலாவது வீரியம், அதாவது மி.கி. இரண்டாவது, பெயருக்குப் பின்னால் வரும் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். போன்ற எழுத்துகள், இவை மெதுவாகக் கரையும் மாத்திரைகள். மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500-க்கும் சாதா மெட்ஃபார்மின் 500-க்கும் சாப்பிடும் முறை வேறு. மூன்றாவது உப்பு, அதாவது மருந்தின் பெயரோடு ஒட்டி வரும் சக்சினேட், டார்ட்ரேட் போன்ற வேதிப் பெயர். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். மெட்டோப்ரோலால் சக்சினேட் மெதுவாகக் கரையும் மாத்திரையாக ஒரு நாளுக்கு ஒரு வேளை. மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் பொதுவாக இரண்டு வேளை. 'மெட்டோப்ரோலால் 50' என்று மட்டும் பார்த்து வாங்கினால் நாடித்துடிப்பும் பிரஷரும் தடுமாறும்.

மூன்று மருந்து கலந்த கூட்டு மாத்திரை மலிவுக் கடையில் இல்லாமல் போகலாம். தனித்தனியாக எழுதினால் கிடைக்கும். மாத்திரை எண்ணிக்கை கூடும், செலவு பெரும்பாலும் குறையும்.

சில மருந்துகளில் மட்டும் பிராண்டை அடிக்கடி மாற்றாதீர்கள்: தைராய்டுக்கான லெவோதைராக்சின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடாயின், உறுப்பு மாற்றத்துக்குப் பின் சாப்பிடும் டாக்ரோலிமஸ். அளவில் சிறு ஏற்றத்தாழ்வும் இவற்றில் வித்தியாசம் காட்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டாக்டருக்குத் தெரிவித்துவிட்டு, லெவோதைராக்சினுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை), வார்ஃபரினுக்கு ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரப் பரிசோதனை) பாருங்கள்.

கேள்வி: மலிவு மருந்து வேலை செய்யுமா? (வாசகி, நாகர்கோவில்)

செய்யும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரமற்ற மருந்துப் பட்டியலைப் பாருங்கள். பேர்பெற்ற பிராண்டுகளும் அதில் அகப்படுகின்றன. விலைக்கும் தரத்துக்கும் நேர்க்கோடு கிடையாது.

1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கும் முறையைக் கவனியுங்கள்: மூலப்பெயரில் டெண்டர், மாநிலம் முழுமைக்குமான அளவு, கிடங்குக்கு வந்த சரக்கில் தொகுதி (பேட்ச்) வாரியாக மாதிரி எடுத்துப் பரிசோதனை. தேர்ந்தெடுப்பவரும் காசு கொடுப்பவரும் அங்கே ஒருவரே. விலை தானாக இறங்குகிறது.

கேள்வி: புற்றுநோய் மருந்துக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். ஆராய்ச்சிச் செலவு என்கிறார்கள். உண்மையா? (வாசகர், கோவை)

ஆராய்ச்சிக்குச் செலவாவது உண்மை. விலையை வைப்பது மட்டும் அந்தச் செலவைப் பார்த்து அல்ல, போட்டி இல்லாதபோது எவ்வளவு கறக்க முடியும் என்று பார்த்து. 2005 முதல் இந்தியாவில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை உண்டு, இருபது ஆண்டுகள். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. சுமார் 60 ரூபாய்க்கு விற்ற 10 மி.கி. மாத்திரை உடனே ஆறு ரூபாய்க்கும் கீழே கிடைத்தது.

தடுப்பும் சட்டத்திலேயே உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிதாகக் காட்டுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவை எதிர்த்து அந்த நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. அதற்கு முன்பே, 2012 மார்ச்சில், பேயரின் நெக்ஸவார் என்ற புற்றுநோய் மருந்தைச் செய்ய நாட்கோ என்ற இந்திய நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் அரசு தரும் அனுமதி) கிடைத்தது: மாதம் 2.8 லட்சம் ரூபாயாக இருந்தது 8,880 ஆனது. பிறகு அந்தக் கதவை அரசு மீண்டும் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்பதே என் கருத்து.

2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வர்த்தக மார்ஜின் (கம்பெனி விற்கும் விலைக்கும் எம்.ஆர்.பி.க்கும் இடையிலான வித்தியாசம்) 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று என்.பி.பி.ஏ. ஆணையிட்டது. சில பிராண்டுகள் 90 சதவீதம் வரை இறங்கின. அதுவரை மார்ஜின் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. குறைந்த பிறகும் பழைய விலையே வாங்கினார்கள். அட்டையில் நான்கு மாத்திரை மட்டும் கேட்டால் விலையைக் கூட்டிச் சொல்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது? (வாசகர், தஞ்சாவூர்)

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமானது. 112 ரூபாய் அட்டை 105-க்கு வர வேண்டும். கடைக்குப் போய்விட்ட சரக்கில் புது விலை ஒட்ட வேண்டியதில்லை என்று சலுகை தரப்பட்டதால் அட்டையில் பழைய எண்ணே இருக்கலாம். பில்லில் புது விலை இருக்க வேண்டும். கம்பெனி கடைக்குத் தரும் விலைப்பட்டியலில் உள்ளது, அட்டையில் உள்ளது, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. விலைப்பட்டியலை நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். உதிரியாக வாங்கும்போது விலை எண்ணிக்கை விகிதப்படிதான்: பத்து மாத்திரை 105 என்றால் நான்கு 42.

பில் கட்டாயம் வாங்குங்கள். தொகுதி எண்ணும் காலாவதி மாதமும் அதில் இருக்கட்டும், உதிரியாக வெட்டிய துண்டில் அவை இருக்காது. எம்.ஆர்.பி. தெரிய அட்டையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். 'ஃபார்மா சஹி தாம்' செயலியில் விலையைச் சரிபார்க்கலாம். புகாருக்கு என்.பி.பி.ஏ.யின் கட்டணமில்லா எண் 1800 111 255, அல்லது உங்கள் பகுதி மருந்து ஆய்வாளர். கம்பெனி கூடுதலாக வசூலித்தது உறுதியானால் வட்டியோடு பிடுங்குவார்கள், ஆனால் அந்தப் பணம் அரசுக் கணக்குக்குப் போகும். உங்கள் காசு உங்களுக்கே திரும்பி வர வேண்டுமென்றால், அதே பில்லோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.