தறப்பாளும் வானும் ஒண்டில்லைத் தம்பி

தம்பி, நீர் கேட்டது இதுதான். படிப்பு விசாவிலை லண்டனுக்கு வந்து கொஞ்ச மாசம். உழைக்கிறதிலை பாதிக்கு மேலை ஒரு அறை வாடகைக்கே போகுது. பழைய வான் ஒண்டை வாங்கி, உள்ளுக்குக் கட்டில் அடிச்சு இருந்தால், விசுவமடுவிலை ஈடு வைச்ச காணியைக் கெதியா மீட்கலாம். இது சரிவருமோ எண்டு கேட்டிட்டு, கீழை இன்னொண்டும் எழுதியிருந்தீர்: "2009இலை மாசக்கணக்காத் தறப்பாளுக்குக் கீழை கிடந்த எங்களுக்கு வான் ஒரு மாளிகை அண்ணை."

அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் லீவிலை வட்டக்கச்சிக்கு வந்த இடத்திலையும் இருந்து எழுதுறன். இஞ்சை இப்ப சிறுபோக வெட்டு, வெய்யில் தலையைப் பிளக்குது. நீர் சொல்லுற தறப்பாள் எனக்கும் தெரியும். சண்டைக்குப் பயந்து உழவு மெசின் பெட்டிக்குள்ளை சட்டிபானையையும் கூரைத் தகரத்தையும் ஏத்திக்கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு இடமிடமா இறங்கின சனம் நாங்கள். அதைத் தாங்கின ஆக்கள் எதையும் தாங்குவம் எண்ட நினைப்பு வன்னிப் பெடியள் கனபேரிட்டை இருக்கு. அந்த நினைப்புத்தான் எங்களை உழைக்க வைக்குது. ஆனால் வான் விஷயத்திலை அது ஆளைக் கொல்லும். தறப்பாளுக்குள்ளை மழை வந்தது, பாம்பு வந்தது. ஆனால் நாலு பக்கத்தாலையும் காத்தும் வந்தது, அடுப்புப் புகை தன்ரை பாட்டிலை வெளியாலை போனது. இருமல் கேட்டால் பக்கத்துத் தறப்பாளிலை இருந்து ஆரோ ஒரு மாமி எட்டிப் பார்ப்பா. வான் எண்டது அடைச்ச இரும்பு. அதுக்குள்ளை நீர் படுத்திருக்கிறீர் எண்டு அந்தத் தெருவிலை ஒருத்தருக்கும் தெரியாது.

நான் தச்சுவேலைக்காரன், லெஸ்ரரிலை குடும்பத்தோடை இருக்கிறன். கலியாணத்துக்கு முதல், வேலைத்தளம் தளமா மாறித் திரிஞ்ச காலத்திலை வானுக்குள்ளைதான் சீவிச்சனான். பிறகு மற்றவைக்கும் வான் உள்வேலை செய்து குடுத்திருக்கிறன். அப்பிடி இருக்கிறது மரியாதைக் குறைவு எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன். பிறிஸ்டல் நகரத்திலை நூற்றுக்கணக்கான சனம் றோட்டோரம் வானிலையும் கரவனிலையும் இருக்குது. எண்டாலும் உமக்கு என்ரை பதில்: வாற குளிருக்கு வேண்டாம், லண்டனுக்குள்ளை வேண்டவே வேண்டாம்.

வீட்டை விடேக்கை விலாசத்தையும் விடுறீர், அதைத்தான் முதலிலை யோசிக்க வேணும். ஸ்ருடன்ற் விசாவிலை வந்த ஆள் எங்கை வசிக்கிறார் எண்டதைப் பல்கலைக்கழகம் பதிஞ்சு வைச்சிருக்க வேணும், மாறினால் நீர் அறிவிக்க வேணும். கூட்டாளி வீட்டு விலாசத்தைக் குடுப்பம் எண்டு நினைப்பீர். கடிதம் வாங்க அது உதவும். அங்கை வசிக்கிறன் எண்டு எழுதிக் குடுத்தால் அது பொய், விசாவோடை பொய் விளையாடக் கூடாது. இன்சூரன்சிலையும் இதே கரைச்சல்தான். இரவிலை வான் எங்கை நிக்கும், உள்ளுக்கு என்ன மாத்தியிருக்கு எண்டு கேட்பாங்கள். வான்தான் வீடு எண்டு உண்மையைச் சொன்னால் கன கொம்பனி மாட்டன் எண்டும். மறைச்சால், விபத்து நடக்கிற அண்டைக்குக் காப்புறுதி இல்லாத ஆளா நிக்க வேண்டி வரலாம்.

இதுக்குள்ளை கனபேர் கவனிக்காத கண்ணி ஒண்டு இருக்கு. எங்கடை இலங்கை லைசென்சோடை அங்கை 12 மாசம்தான் ஓடலாம். பிறகு அங்கத்தைய சோதினை பாஸ் பண்ண வேணும். பாஸ் பண்ணின நாளிலையிருந்து 2 வருசத்துக்குள்ளை போக்குவரத்துக் குற்றத்துக்கான தண்டப் புள்ளி 6 விழுந்தால் லைசென்ஸ் ரத்து. இப்ப பாரும்: கமராவிலை வேகம் பிடிபடுது. கடிதம் வானின்ரை பதிவிலை உள்ள விலாசத்துக்குப் போகுது. ஓடினது ஆர் எண்டு 28 நாளுக்குள்ளை பதில் குடுக்க வேணும். நீரோ அந்தக் கூட்டாளி வீட்டுப் பக்கம் ஒண்டரை மாசமாப் போகேல்லை. பதில் போகாததுக்கே 6 புள்ளி விழும். மற்ற ஆளெண்டால் பஸ்ஸிலை போய்ச் சமாளிப்பான். உமக்கு வீட்டையே இடம் அரக்க ஏலாமல் போயிடும்.

அடுத்தது காத்து. என்னை நித்திரை கொள்ள விடாதது இதுதான். குளிர் கடிக்கத் தொடங்க, காஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரிய விடுவம், கரிச்சட்டியை உள்ளுக்கு எடுத்து வைப்பம் எண்டு மனம் சொல்லும். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலை ஒட்சிசன் பிடிக்க வேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கு மேலை இறுக்கமாப் பிடிச்சுக்கொள்ளும். முதல் தலையிடி, பிறகு சத்தி வாற மாதிரி, பிறகு கண்ணைச் சொருகும். வேலைக் களைப்பு எண்டு நினைச்சுச் சரிஞ்ச ஆள் எழும்பமாட்டார். நூந்த மாதிரித் தெரியிற கரியும் கன நேரம் இதைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

வானுக்குச் சூடு எண்டால் டீசல் ஹீற்றர்தான். எரியத் தேவையான காத்தை வெளியிலையிருந்து இழுத்து, புகையையும் வெளியிலையே விடும். உள்ளுக்கு வாறது சூடாக்கின காத்து மட்டும். புகைக்குழாய்ப் பூட்டு ஒண்டு தளர்ந்தாலும் கதை மாறும் எண்டதாலை காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம் வேணும். ஈ.என். 50291-2 எண்ட தர இலக்கம் அடிச்சிருக்கிறதாப் பாத்து வாங்கும், கரவனுக்கும் படகுக்கும் எண்டு சோதிச்சது அதுதான். சமையல் காஸ் வைக்கிறதெண்டால் சிலிண்டருக்கு இறுக்கமா அடைச்ச தனிப் பெட்டியும், பெட்டியின்ரை அடியிலை வானுக்கு வெளியாலை திறக்கிற ஓட்டையும் வேணும். அந்தக் காஸ் காத்தைவிடப் பாரம், கசிஞ்சால் கீழைதான் தேங்கும். நீர் கட்டில் அடிக்க நினைக்கிறதும் கீழைதான்.

ஈரமும் லேசான விஷயமில்லை. இரவு முழுக்க நீர் விடுற மூச்சு குளிர்ந்த தகரத்திலை பட்டுத் தண்ணியாகும். சுவருக்குள்ளை குளிர்த்தடுப்புப் போடாத வானிலை விடியப்புறம் ரோச் அடிச்சுப் பாத்தால், கூரைத் திருகாணி ஒவ்வொண்டின்ரை தலையிலையும் ஒவ்வொரு துளி தொங்கிக்கொண்டு நிக்கும். மெத்தையைப் பிரட்டினால் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி புள்ளியாப் பூஞ்சணம். குளிருது எண்டு காத்தோட்டத்தை அடைக்க அடைக்க இது கூடும். கூரை ஃபானைத் திறந்து வைச்சுக்கொண்டே சூடும் போட வேணும், அதுக்கு டீசலும் கரண்டும் வேணும். 12 வோல்ற், 100 ஆம்பியர் மணி பழைய வகை ஈயப் பற்றறியிலை பழுதாக்காமல் எடுக்கக்கூடியது பாதி, ஒரு 600 வாற் மணி. 500 வாற் றைஸ் குக்கரிலை ஒருக்காச் சோறு அவிச்சால் அதிலையும் பாதிக்குக் கிட்டப் போயிடும். டிசம்பரிலை லண்டனிலை நாலு மணிக்கு முன்னமே பொழுது பட்டிடும். இரணைமடு வெய்யிலை மனசிலை வைச்சுக்கொண்டு சோலர் பனலை நம்பாதையும்.

காசுக் கணக்கு இனிச் சுருக்கந்தான். 2023 ஓகஸ்ட் 29இலையிருந்து லண்டன் முழுக்க யூலெஸ் வலயம், புகை கூடின வாகனத்துக்குக் காசு அறவிடுற இடம். யூரோ 6 எண்ட புகைத் தரத்துக்குக் குறைஞ்ச டீசல் வானை அசைச்சால் அண்டைக்கு 12 பவுண் 50 பென்ஸ். 30 நாளுக்கு 375 பவுண். மலிவா விக்கிற வான் கனக்க இந்தச் சாதிதான். அசைக்காமல் நிப்பாட்டினால் காசில்லை, ஆனால் அயலவை முறைப்பாடு போடுவினம். மோட்டர்வே சேவிஸ் எண்ட நெடுஞ்சாலைத் தரிப்பிடங்களிலை வழக்கமா 2 மணித்தியாலம்தான் சும்மா நிக்கலாம். மற்றவையின்ரை காணியிலை அனுமதியில்லாமல் வாகனத்திலை குடியிருந்து, சேதமோ பெரிய இடைஞ்சலோ வந்து, எழும்பச் சொல்லியும் எழும்பாட்டில் 2022இலை வந்த சட்டப்படி அது குற்றம், வானையும் பறிக்கலாம். வான் பழுதாகிக் கராஜிலை நிக்கிற கிழமை நீர் எங்கை படுப்பீர் எண்டதையும் கணக்கிலை சேரும்.

இப்ப செய்யக்கூடியது இது. வேலை, படிப்பு ரெண்டுக்கும் போக்குவரத்து உள்ள இடமாப் பாத்து, எங்கடை குடும்பங்களிட்டை அறை இருக்கோ எண்டு கோயிலிலையும் கடையிலையும் விசாரியும். இருக்கிற வீட்டிலை ஒரு அறையை வாடகைக்கு விட்டால் வருசம் 7,500 பவுண் வரைக்கும் அவைக்கு வரி இல்லை. கன வீட்டுக்காரருக்கு இது தெரியாது, நீரே சொல்லும். முழுநேர மாணவர் மட்டும் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் கவுன்சில் ராக்ஸ் எண்ட உள்ளூராட்சி வரி இல்லை. டிபொசிற் எண்டு 5 கிழமை வாடகைக்கு மேலை ஆரும் கேட்டால் குடுக்காதையும், 2019 சட்டம் அதை மறிக்குது. வாடகை இடிக்குது எண்டு படிப்பு நடக்கிற காலத்திலை கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேலை கையிலை காசு வாங்கி வேலை செய்யப் போகாதையும். விசா போனால் காணியை மீட்கிறது எங்காலை?

நான் செப்டெம்பர் நடுவிலை திரும்பிடுவன். என்ரை வான் இன்னும் வீட்டு வாசலிலைதான் நிக்குது. நவம்பரிலை வந்து ரெண்டு இரவு அதிலை படுத்துப் பாரும். அதுக்குப் பிறகும் வேணும் எண்டால், படிப்பு முடியட்டும், லண்டனுக்கு வெளியிலை வேலை எடும், சித்திரை வைகாசியிலை யூரோ 6 வான் ஒண்டு சேர்ந்து தேடுவம். உள்வேலைக்குக் கூலி வேண்டாம், பலகைக் காசை மட்டும் தாரும். அலாரம் என்ரை கணக்கு.