நாய்க்கு முடி வெட்டும் கிளிப்பர் பிளேடை வீட்டிலேயே சாணைக் கல்லில் தீட்டலாமா?

கத்தி தீட்டும் கல்லில் தீட்டாதீர்கள். கிளிப்பர் பிளேடு என்பது ஒன்றல்ல, இரண்டு: அசையாமல் நிற்கும் சீப்பு போன்ற கீழ்த்தகடு, அதன்மேல் இடவலமாக ஓடும் வெட்டுத்தகடு. கத்தரிக்கோல் போல இரண்டும் உரசித்தான் முடி அறுபடும். உரசும் முகங்கள் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் உண்மையில் மிக லேசாகக் குழிந்திருக்கும். அதனால்தான் பற்களின் முனை நன்றாக அழுந்துகிறது, தேவையில்லாத உராய்வும் குறைகிறது. தட்டைக் கல்லில் தேய்த்தால் முதலில் போவது அந்தக் குழிவுதான். அப்புறம் எவ்வளவு பளபளத்தாலும் முடியை மடக்கும், வெட்டாது.

தொழில்முறையில் தீட்டுபவர்கள் இரண்டையும் கழற்றி, துருவும் அழுக்கும் நீக்கி, சுழலும் உலோக வட்டில் சொரசொரப்பான தேய்ப்புப் பொடி பூசித் தேய்ப்பார்கள். வட்டின் மேற்பரப்பு நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லச் சரிவதால் குழிவு திரும்பக் கிடைக்கும். பீங்கான் வெட்டுத்தகட்டுக்கு வைர வட்டு வேண்டும். பிறகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தைச் சரிசெய்து, முடியை வெட்டிப் பார்த்துத்தான் தருவார்கள். கேட்டால் பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் பாதி வேலை இந்த ஸ்பிரிங்கில்தான். இறுகினால் பிளேடு சுடும், தளர்ந்தால் முடி இடையில் நுழைந்து இழுக்கும்.

கொடுப்பதற்கு முன் ஒருமுறை சுத்தம் செய்து எண்ணெய் விட்டுப் பாருங்கள். மழுங்கிவிட்டது என்று நினைக்கும் பல பிளேடுகளுக்கு அதுவே போதும். குளிப்பாட்டாத நாயின் முடியிலுள்ள மண்தான் பிளேடின் கூர்மையைச் சீக்கிரம் தின்னும். ஒரு பிளேடின் வெட்டுத்தகட்டை இன்னொரு பிளேடின் கீழ்த்தகட்டோடு ஜோடி மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.