நீல மாத்திரையும் தேநீர்க் குவளையும்: இரத்தசோகை பற்றி மலையிலிருந்து வந்த கேள்விகள்

பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையை மாணவியர் வாயில் அடக்கிவைத்துப் பிறகு துப்பிவிடுகிறார்கள். எப்படி எடுத்துச் சொல்வது? (ஆசிரியை, கோத்தகிரி)

பெரும்பாலும் அது பிடிவாதம் அன்று. முதல் வாரம் வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டியிருக்கும். மறுநாள் மலம் கறுத்துப்போனதைக் கண்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் பயந்திருப்பார்கள். உடல் ஏற்காத இரும்புதான் அந்தக் கறுப்பு என்பதை மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். மதிய உணவுக்குப் பின் கொடுங்கள். அதிலுள்ள 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதுவதைவிட, ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்துக் கீழிமையை மெல்ல இழுத்து உட்புற நிறத்தைத் தாங்களே பார்க்கச் சொல்வது பலன் தரும். வெளிறிய இமை மட்டுமே நோயை உறுதிசெய்யாது; ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு அவர்களை அது தயங்காமல் வரவழைக்கும். மாதவிடாய் 7 நாளுக்கு மேல் நீடிக்கிறதா என்பதைப் பெண் ஆசிரியர் ஒருவர் தனியே கேட்பது நல்லது.

தினமும் பீட்ரூட் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே? (கல்லூரி மாணவி, குன்னூர்)

பீட்ரூட்டின் சிவப்பு இரும்பினால் வந்ததன்று. கீரை, ராகி, பயறு, முடிந்தால் ஈரல் ஆகியவற்றை நம்புங்கள். அதைவிட முக்கியமானது தேநீர். குளிருக்கு இதமாகச் சாப்பாட்டோடு சேர்த்தே குடிப்பது நம் மலை வழக்கம். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்பைப் பிணைத்துவிடுவதால், உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சைச் சாறு பிழிந்த கீரை நல்ல இணை.

என் ஹீமோகுளோபின் அளவு 12.2, சாதாரணம் என்றார்கள். சரியா? (உதகை)

சமவெளியில் சரி. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராம் என்பது கடல்மட்டக் கணக்கு. உயரம் கூடக்கூட ஆக்சிஜன் குறைவதை ஈடுகட்ட உடல் ஹீமோகுளோபினை மிகுதியாக உண்டாக்குவதால், உலக சுகாதார நிறுவனம் 2024-இல் திருத்திய அளவின்படி, ஏறத்தாழ 2,240 மீட்டரில் வாழும் உங்களுக்கு 13.4 வேண்டும். மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டு, உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேளுங்கள்.

பழங்குடி மாணவியருக்கு வேறு பரிசோதனை தேவையா? (கூடலூர்)

தேவை. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு (இரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவில் வளையும் பரம்பரைக் குறை) இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷ்ஷும் 1952-லேயே பதிவுசெய்தனர். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லையில்லை; அவர்களுக்கும் இரும்புக் குறைவு தனியாக வரலாம். நோயே உள்ளவர்கள் மட்டும், இரும்பின் அளவைப் பார்க்காமல் தாமாகவே இரும்பு மாத்திரை எடுக்கக் கூடாது.