மணலில் ஓட்டப் போகிறேன், டயருக்குக் காற்றடிக்க எந்த பம்ப் வாங்கலாம்?

திருவொற்றியூர்க்காரர், மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறீர்கள், பழவேற்காடு பக்கம் மணலில் ஓட்ட ஆசை, சிகரெட் லைட்டரில் சொருகும் பம்ப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

மணலில் இறங்கும் முன் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைப்போம். அப்போதுதான் டயர் தட்டையாகப் படர்ந்து, புதையாமல் போகும். திரும்பும்போது தார் ரோட்டுக்கு மறுபடி 30க்கு மேல் ஏற்ற வேண்டும், அதுவும் நாலு டயருக்கும். எண்ணூர் விரைவுச் சாலைக்கு வந்துவிட்டால் கன்டெய்னர் லாரிகளை நம்பி வரிசையாகப் பஞ்சர் கடை இருக்கும். சிக்கல் அதற்கு முன்னால்தான், அதுவரை ஓட்டிவர நம் பம்ப்பில்தான் அடிக்க வேண்டும்.

லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். அதில் ஓடும் பம்ப் சின்னதாகத்தான் இருக்கும். என்னுடையது இரண்டாவது டயரிலேயே கை வைக்க முடியாதபடி சுட்டு, மூச்சை நிறுத்திக்கொண்டது. ஆறட்டும் என்று வெயிலில் காத்திருந்தேன்.

அதனால் பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் பம்ப்பாக வாங்குங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் '150 பிஎஸ்ஐ'யைப் பார்க்காதீர்கள், நமக்கு அது எதற்கு? நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 70க்கு மேல் இருந்தால் நல்லது. இடைவிடாமல் எத்தனை நிமிடம் ஓடும் என்பதையும் கேளுங்கள். ஹோஸ் பின் டயர் வரை எட்ட வேண்டும். அடிக்கும்போது இன்ஜின் ஓடட்டும்.

அப்புறம், தனியாக ஒரு பிரஷர் கேஜ். பம்ப்பில் இருக்கும் முள்ளை நான் நம்புவதில்லை. நம் ஊர் உப்புக்காற்றில் கிளிப் சீக்கிரம் துருப்பிடிக்கும், துடைத்து வையுங்கள்.