5 கட்டைத் தம்பூராவை ஆப் ஏன் 2 கட்டை என்கிறது?

கேள்வி: எலக்ட்ரானிக் தம்பூராவை 5 கட்டைச் சுருதியில் (ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ்) வைத்துப் பாடுகிறேன். சுருதி சரிதானா என்று போனில் ஸ்பெக்ட்ரம் ஆப் (எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று கோடாகக் காட்டுவது) ஒன்றைத் திறந்தால் 196 ஹெர்ட்ஸில் நிற்காமல் 294, 392 என்று தாவுகிறது. ட்யூனர் ஆப்போ 2 கட்டை என்கிறது. பெட்டியில் கோளாறா?

பதில்: பெட்டியைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் 5 கட்டையில் சாரணி (ஸட்ஜத்தில் ஒலிக்கும் நடுத் தந்திகள்) 196, பஞ்சமம் 147, மந்தர ஸட்ஜம் 98. ஒவ்வொரு தந்தியோடும் அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். மந்தரத்தின் மூன்று மடங்கு 294, பஞ்சமத்தின் இரு மடங்கும் 294! இரண்டும் ஒரே இடத்தில் விழுவதால் கோடு அங்கே ஓங்கி எழுகிறது. 98-ஐ அந்தச் சின்ன ஸ்பீக்கரால் பலமாக ஒலிக்க முடியாது. 294 என்பது 2 கட்டை ஸட்ஜம். ட்யூனர் பொய் சொல்லவில்லை, அதற்குப் பஞ்சமம்தான் கேட்கிறது.

ஆகவே உயரமான கோட்டை விட்டுவிட்டு 196-க்குப் பக்கத்தில் தேடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து மாதிரி எடுக்கும் ஆப்பில் எஃப்எஃப்டி அளவு (ஒரே தடவையில் சேர்த்து அலசும் மாதிரிகளின் எண்ணிக்கை) 4096 என்றால், திரையில் ஒரு படி, அதாவது அடுத்தடுத்த இரு புள்ளிகளின் இடைவெளி, 11.7 ஹெர்ட்ஸ். 5 கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் உள்ள இடைவெளியே 11.65தான்! அந்தப் படியை வைத்துச் சுருதி பார்ப்பது, மளிகைக்கடைத் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. அளவை 16384 ஆக்கினால் படி 2.9 ஆகும். லேப்டாப் இருந்தால் ஃப்ரிச்சர் (Friture) என்ற இலவச மென்பொருளில் இந்த அளவை மாற்றலாம்.

அதுவும் போதாது என்றால் நான் செய்வது இது: சாரணியின் எட்டு மடங்கு 1568. அங்கே தெரியும் சிகரத்தைப் படித்து எட்டால் வகுப்பேன். 1571 என்று வந்தால் சுருதி 196.4. பிழையும் எட்டில் ஒன்றாகிவிடும். அசல் தம்பூராவில் தந்தியின் விறைப்பால் மேல் மடங்குகள் லேசாக விலகும்; மின்னணுப் பெட்டியில் பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை.

ஆனால் இந்த அமைப்போடு உங்கள் குரலை அளக்காதீர்கள். 16384 மாதிரி சேர மூன்றில் ஒரு நொடி ஆகும். அதற்குள் ஒரு கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும். திரையில் வெறும் மெழுகல்தான் மிஞ்சும்.