மணி பிளான்ட் ஒரே கொடியாக நீண்டு, நடுவில் மொட்டையாவது ஏன்?

காரணம் நுனி ஆதிக்கம். அதாவது, கொடியின் நுனியில் இருக்கும் மொட்டு வளர்ந்துகொண்டிருக்கும் வரை பக்கவாட்டில் இருக்கும் மொட்டுகளைத் தலைதூக்க விடாது. நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் தண்டு வழியாகக் கீழே இறங்கி, ஒவ்வொரு இலைக் காம்பின் அடியிலும் இருக்கும் குட்டி மொட்டைத் தூங்க வைத்துவிடுகிறது. வீட்டுப் பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் வாய் திறக்காமல் இருந்து, அவர் எழுந்து போனதும் ஆளாளுக்குப் பேச ஆரம்பிப்பார்களே, அது மாதிரிதான்.

அதனால் நுனியை வெட்டிவிடுங்கள், தயங்கவே வேண்டாம். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், சில வாரங்களில் அதற்குக் கீழே இருக்கும் மொட்டிலிருந்து புதுக் கொடி கிளம்பும். வெளிச்சமும் முக்கியம். இருட்டு மூலையில் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி கணுக்களுக்கு நடுவே தண்டு நீண்டுகொண்டே போகும், இலையில் இருக்கும் மஞ்சள் வரியும் மங்கிவிடும். ஜன்னல் ஓரம் நல்லது, ஆனால் மதிய வெயில் நேராக இலையில் படக்கூடாது, கருகிவிடும்.

வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். கணுவைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பாகக் குட்டி முண்டு ஒன்று தெரியும், அதுதான் காற்றுவேர். அது நனையும்படி தண்ணீரில் வைத்தாலே வேர்விடும், அப்புறம் அதே தொட்டியில் நட்டால் மொட்டையான இடம் நிரம்பிவிடும்.

இலையை மட்டும் கிள்ளித் தண்ணீரில் போட்டாலே செடி வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; கணு இல்லாத இலை பச்சையாகவே நாள்கணக்கில் இருக்கலாம், ஆனால் மொட்டு இல்லாததால் அதிலிருந்து கொடி வராது.